சிறுநீர்ப்பையில் மண்டி இருக்கும் கினிப் பன்றிக்குக் கீரையை நிறுத்தலாமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: மூன்று வயதுப் பெண் கினிப் பன்றி, எடை 1.2 கிலோ. படுக்கைத் துணியில் வெள்ளையாக நறநறவென்று ஏதோ படிகிறது, ஒருமுறை சிறுநீர் சிவப்பாகவும் போயிருக்கிறது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர் கல் இல்லை, சிறுநீர்ப்பையில் மண்டி, அதாவது அடியில் தங்கிய கெட்டியான கசடு இருக்கிறது, கால்சியத்தைக் குறையுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து கீரை, காய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு பெல்லட்டை, அதாவது கடையில் பையில் விற்கிற உலர் துண்டுத் தீனியை, கிண்ணம் நிறைய வைக்கிறீர்கள். வைட்டமின் சி குறைந்துவிடக் கூடாது என்று குடிநீரில் சொட்டு மருந்து கலக்கிறீர்கள். கால்சியமே இல்லாத கீரை எது என்று ஒரு பட்டியல் கேட்கிறீர்கள். பட்டியல் தருவது சுலபம்தான். ஆனால் அந்தக் கேள்விக்குப் பின்னால் இருப்பது, நான் போட்ட சாப்பாட்டால்தான் இப்படி ஆயிற்றா, இனி இது கல்லாக மாறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும் என்கிற பயம். அதற்குப் பதில் சொல்கிறேன், பட்டியல் போகிற போக்கில் வந்துவிடும்.

நான் சிறு பிராணிகளைப் பார்க்கிற கால்நடை மருத்துவர். முயலும் கினிப் பன்றியும்தான் என் வேலையில் பெரும்பகுதி. இருந்தாலும் உங்கள் பிராணியை நான் தொட்டுப் பார்க்கவில்லை, எக்ஸ்ரேயும் பார்க்கவில்லை. அதனால் இங்கே சொல்வது தீனி பற்றிய பொதுவான அறிவுதானே தவிர, அதற்கான சிகிச்சை அல்ல. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை: கீரையை நிறுத்திவிட்டுப் பெல்லட்டை ஏற்றியது நேர் எதிரான வழி. ஏன் என்று விளக்குகிறேன்.

நமக்கும் நாய்க்கும் பூனைக்கும் குடல் தனக்கு வேண்டிய அளவு கால்சியத்தைத்தான் உறிஞ்சும், மிச்சம் மலத்தோடு போய்விடும். அந்தக் கணக்கை வைத்திருப்பது பெரும்பாலும் வைட்டமின் டி. கினிப் பன்றியின் உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. சாப்பாட்டில் எவ்வளவு வருகிறதோ அதற்கு ஏற்ப உறிஞ்சிக்கொள்ளும், தேவைக்கு மேல் ரத்தத்துக்கு வந்ததைச் சிறுநீரகம் வடித்துச் சிறுநீரில் தள்ளும். அதோடு இதன் சிறுநீர் இயல்பிலேயே காரத்தன்மை உடையது, பிஎச் 8 அல்லது 9 வரை இருக்கும். காரமான நீரில் கால்சியம் கரைந்து நிற்காது, கார்பனேட்டோடு சேர்ந்து நுண்ணிய படிகமாகப் பிரிந்துவிடும். அதனால்தான் ஆரோக்கியமான கினிப் பன்றியின் சிறுநீர்கூடச் சற்றுக் கலங்கலாக, சில நேரம் பால் கலந்தது போல இருக்கிறது. ஆய்வகத்திலிருந்து ‘படிகங்கள் உள்ளன’ என்று அறிக்கை வந்தால் அதை வைத்து மட்டும் பயப்பட வேண்டாம், இந்தப் பிராணிக்கு அது இருக்கத்தான் செய்யும். கலங்கலாக வெளியே போய்க்கொண்டிருக்கும் வரை சிக்கல் இல்லை. அது பையின் அடியில் தங்கிக் கெட்டிப்படும்போதுதான் மண்டி, பிறகு கல். கினிப் பன்றியின் சிறுநீர்க் கற்களைப் பரிசோதித்ததில் பெரும்பாலானவை கால்சியம் கார்பனேட் என்பது இப்போது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. பழைய புத்தகங்களில் கால்சியம் ஆக்சலேட் என்கிற வேறு வகைக் கல் என்று எழுதியிருப்பார்கள், மனிதருக்கு வருகிற கல்லை மனதில் வைத்துக்கொண்டு எழுதப்பட்ட அறிவுரைகள் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆக, கல் உருவாக இரண்டு பக்கம் உண்டு. உள்ளே வருகிற கால்சியம் ஒரு பக்கம். அதைக் கழுவித் தள்ளுகிற தண்ணீர் இன்னொரு பக்கம். இணையத்தில் எல்லோரும் முதல் பக்கத்தை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், அதிலும் அளவைப் பார்க்காமல் சதவீதத்தைப் பார்க்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போடுவோம், ஏனென்றால் இந்தக் கணக்கு முடிந்ததும் பாதிக் கேள்விகள் தானாகவே உதிர்ந்துவிடும். ஒரு கிலோ எடையுள்ள வளர்ந்த கினிப் பன்றி ஒரு நாளைக்குத் தோராயமாக 50 கிராம் உலர் புல் சாப்பிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திமோத்தி புல் என்றால் அதில் கால்சியம் அரை சதவீதம் அளவில் இருக்கும், அதாவது நாளுக்குச் சுமார் 250 மில்லிகிராம். அதே 50 கிராம் குதிரைமசாலாக, அதாவது ஆல்ஃபால்ஃபாவாக இருந்தால் கால்சியம் 1.2 முதல் 1.5 சதவீதம், 600 மில்லிகிராமுக்கு மேல் போய்விடும். அடுத்து பெல்லட். ஆல்ஃபால்ஃபாவை அடிப்படையாக வைத்துச் செய்த பெல்லட்டில் ஒரு சதவீதம் கால்சியம் என்று வைத்தால், கிண்ணம் நிறைய, ஒரு 40 கிராம் போட்டால், அதிலேயே 400 மில்லிகிராம். இப்போது நீங்கள் பயந்து நிறுத்திய கீரைக்கு வாருங்கள். கொத்தமல்லித் தழை 10 கிராம் கொடுத்தால் கிட்டத்தட்ட 7 மில்லிகிராம் கால்சியம். பார்ஸ்லி 5 கிராம் கொடுத்தாலும் அதே 7 மில்லிகிராம். கால்சியத்துக்குப் பெயர் போன கேல் கீரையில் 15 கிராம் எடை வருகிற ஒரு பெரிய இலை கொடுத்தாலும் 25 முதல் 40 மில்லிகிராம்தான். ரோமைன் லெட்யூஸில் 100 கிராமுக்கே 33 மில்லிகிராம். குடைமிளகாயில் 100 கிராமுக்கு 10 மில்லிகிராம்கூடத் தேறாது. நீங்கள் நிறுத்தியது இருபது முப்பது மில்லிகிராம், ஏற்றியது சில நூறு.

இந்த எண்கள் செடிக்குச் செடி, அறுப்புக்கு அறுப்பு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் வரிசை மாறாது: எந்தப் புல், எவ்வளவு பெல்லட் என்பது தான் பெரிய தொகை, கீரை சில்லறை. பெல்லட் பையின் பின்புறம் கால்சியம் சதவீதமும், முதல் பொருளாக என்ன போட்டிருக்கிறது என்பதும் அச்சிட்டிருக்கும், இன்றைக்கே திருப்பிப் பாருங்கள். முதல் பெயரே ஆல்ஃபால்ஃபா என்று இருந்தால் அது ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கும் சினையாக இருக்கிற, பால் கொடுக்கிற தாய்க்கும் உரியது. மூன்று வயதுப் பிராணிக்கு அது வேண்டாம்.

கீரையின் இன்னொரு பக்கம் தண்ணீர், இதைத்தான் யாரும் சொல்வதில்லை. லெட்யூஸிலும் வெள்ளரியிலும் எடையில் 95 சதவீதம் தண்ணீர். 80 கிராம் இலை சாப்பிட்டால் 75 மில்லி தண்ணீர் வயிற்றுக்குள் போகிறது. உலர் தீனியை மட்டும் தின்கிற ஒரு கிலோ கினிப் பன்றி நாளுக்கு 100 மில்லி அளவில் தண்ணீர் குடிக்கும் என்பதை வைத்துப் பார்த்தால் இந்த 75 மில்லி எவ்வளவு பெரியது என்று புரியும். கீரையை நிறுத்தினால் அந்தத் தண்ணீரை அது பாட்டிலில் போய் அப்படியே ஈடுகட்டிவிடும் என்று நம்ப முடியாது, சில ஈடுகட்டும், சில கட்டாது. ஈடுகட்டாத பிராணிக்குச் சிறுநீர் குறைந்து, கெட்டிப்பட்டு, இருக்கிற கால்சியம் அடர்ந்துபோய் அடியில் உட்கார்ந்துகொள்ளும். ஆகவே மண்டி இருக்கிற பிராணிக்கு நான் முதலில் சொல்வது நீர்ச்சத்துள்ள இலையைக் கூட்டுங்கள் என்பதுதான். ஒரு கிண்ணம் அளவுக்கு, காலையில் பாதி, மாலையில் பாதி. ரோமைன், சிவப்பு இலை, பச்சை இலை லெட்யூஸ் வகைகள் இதற்கு அடித்தளம். கூடவே வெள்ளரி, ஒரு துண்டு குடைமிளகாய், கொஞ்சம் கொத்தமல்லி. கழுவிவிட்டு உதறாமல், தண்ணீர் சொட்டச் சொட்ட அப்படியே வையுங்கள். கேல், பார்ஸ்லி, சதகுப்பை எனப்படும் டில், கொலார்ட் இவற்றை இப்போதைக்குத் தினமும் வைக்காமல் எப்போதாவது ஒரு கிள்ளு என்று வைத்துக்கொள்ளலாம். விஷம் என்பதால் இல்லை, தினமும் வைக்க இவற்றைவிட நல்லவை இருக்கின்றன என்பதால். பாலக்கை மட்டும் நான் தவிர்க்கச் சொல்வேன், அதில் ஆக்சலேட் மிக அதிகம், அதற்குப் பதிலாகக் கொடுக்க வேறு ஆயிரம் இலை இருக்கிறது. இதுதான் நீங்கள் கேட்ட பட்டியல். சில நாட்களாகக் கீரையே கொடுக்காமல் இருந்துவிட்டு ஒரேயடியாகக் கிண்ணம் நிறைய வைத்தால் வயிறு உப்பிக் கழியும். இரண்டு மூன்று இலையில் ஆரம்பித்து ஒரு வாரம், பத்து நாளில் முழு அளவுக்கு வாருங்கள்.

தண்ணீரில் வைட்டமின் சி கலப்பதை இன்றே நிறுத்துங்கள். கினிப் பன்றிக்கு வைட்டமின் சி வெளியிலிருந்து கிடைத்தே ஆக வேண்டும் என்பதில் சந்தேகம் இல்லை. அதைச் செய்கிற கடைசி நொதி நம்மைப் போலவே இதற்கும் கிடையாது, சில வாரங்கள் கிடைக்காவிட்டால் மூட்டு வீங்கும், ஈறில் ரத்தம் வரும், ரோமம் சொரசொரவென்று ஆகும், நடக்கவே மறுக்கும். வளர்ந்த பிராணிக்கு ஒரு கிலோ எடைக்கு நாளுக்கு 10 முதல் 30 மில்லிகிராம் என்பது வழக்கமான கணக்கு. ஆனால் தண்ணீரில் கலந்தால் வெளிச்சமும் காற்றும் பட்டு மணிக்கணக்கில் அது சிதையும், உள்ளே எவ்வளவு போயிற்று என்று யாருக்கும் தெரியாது. அதைவிட முக்கியம், தண்ணீரின் சுவை மாறிவிடும். சுவை மாறினால் பல பிராணிகள் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். சிறுநீர்ப்பைக்கு நல்லது செய்யப் போய் அதற்கு வேண்டிய ஒன்றையே எடுத்துவிடுகிறோம். சிவப்புக் குடைமிளகாயில் 100 கிராமுக்கு 128 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, 20 கிராம் துண்டு ஒன்று தினமும் கொடுத்தால் 25 மில்லிகிராம் கிடைத்துவிடும், கால்சியம் பேருக்குத்தான் இருக்கும். அதைத் தொடவே மாட்டேன் என்கிற பிராணிக்கு வைட்டமின் சி மட்டும் உள்ள மாத்திரையையோ சொட்டையோ நேராக வாயில் கொடுப்பது மேல். பல சத்துகள் சேர்ந்த மருந்து வேண்டாம், அதில் கால்சியமும் வைட்டமின் டியும் சேர்ந்து வரும். பெல்லட்டில் சேர்த்திருக்கிற வைட்டமின் சியை முழுதாக நம்ப முடியாது. தயாரித்த நாளிலிருந்து அது குறைந்துகொண்டே வரும், மூன்று மாதத்தில் பாதிக்கு மேல் போய்விடலாம். அதனால் பெரிய பையாக வாங்கி வருடம் முழுக்க வைத்துக்கொள்ளாதீர்கள்.

இனி பெல்லட்டைக் குறைக்கிற வேலை. திமோத்தி அடிப்படையிலான, விதையும் கலர்த் துண்டுகளும் கலக்காத பெல்லட் ஒன்றை எடுத்துக்கொண்டு, நாளுக்கு ஒன்று முதல் இரண்டு மேசைக்கரண்டி. அவ்வளவுதான். மீதி வயிற்றை உலர் புல் நிரப்ப வேண்டும், அது எந்நேரமும் தீராமல் இருக்க வேண்டும். மொத்தத் தீனியில் ஐந்தில் நாலு பங்கு புல் என்று வைத்துக்கொண்டால் பல்லுக்கும் குடலுக்கும் சேர்த்தே தீர்வு. உங்கள் பிராணி இப்போது பெல்லட் கிண்ணத்துக்குப் பழகியிருக்கும், புல்லைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பட்டினி போட்டுப் பழக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். கினிப் பன்றியின் குடல் நின்றால் மறுபடி ஓட்டுவது பெரிய பாடு, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் ஈரலும் கெட ஆரம்பிக்கும், அதிலும் குண்டான பிராணிக்கு. பெல்லட்டைச் சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புல்லை இரண்டு மூன்று இடத்தில் புதிதாக வைத்து, வாசனை போன பழைய புல்லை எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை எடை பாருங்கள். சமையலறைத் தராசே போதும். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் கவனிக்க வேண்டும், 100 கிராம் குறைந்தால் மருத்துவரிடம் போய்விட வேண்டும். கூண்டில் கடித்து விளையாட என்று தொங்கவிடுகிற தாதுக்கல், உப்புக்கட்டி இருந்தால் கழற்றிவிடுங்கள். அது இதற்குத் தேவையே இல்லை.

எடை பற்றிச் சொன்னதால் இன்னொன்று. 1.2 கிலோ என்பது அதன் உடம்புக்குச் சரியாகவும் இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம், விலா எலும்பு கைக்கு லேசாகத் தட்டுப்படுகிறதா என்று பார்த்தால் தெரியும். உட்கார்ந்தே இருக்கிற கினிப் பன்றியின் பை, கலக்காமல் வைத்த சுண்ணாம்புத் தண்ணீர்ப் பானை மாதிரி: மேலே தெளிந்து நிற்கும், அடியில் கெட்டியாகப் படியும். சிறுநீர் கழிக்கும்போது மேலே இருக்கிற தெளிந்தது போய்விடும், மண்டி அங்கேயே இருக்கும். ஓடி விளையாடுகிற பிராணிக்கு அது கலங்கிக் கலங்கி வெளியேற வாய்ப்பு அதிகம். தினமும் தரையில் விட்டு ஒரு சுற்றுச் சுற்ற வையுங்கள். புல்லை ஒரு மூலையிலும் தண்ணீரை எதிர் மூலையிலும் வைத்தாலே நடை கூடும். தண்ணீர் பாட்டிலில் குண்டு சிக்கிக்கொண்டு ஒரு சொட்டும் வராமல் இருப்பதை நிறைய பேர் கவனிப்பதே இல்லை, தினமும் விரலால் தட்டிப் பாருங்கள், பக்கத்தில் ஒரு கனமான கிண்ணத்திலும் தண்ணீர் வையுங்கள். ஊசிக்குழலால் வாயில் தண்ணீர் பீய்ச்சுவதை வீட்டில் முயலாதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும்.

சரி, துணியில் இருக்கிற வெள்ளையில் எது சாதாரணம், எது இல்லை? இதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். அடர்ந்த நிறத் துணி ஒன்றை விரித்து, சிறுநீர் காய்ந்த இடத்தை விரல் நுனியால் தேய்த்துப் பாருங்கள். கரும்பலகையில் எழுதிய சுண்ணக்கட்டித் தூள் போல விரலில் மாவாக ஒட்டிக்கொண்டு, ஊதினால் பறந்தால், அது வெளியேற வேண்டியது வெளியேறிய அடையாளம், பெரும்பாலும் பயமில்லை. விரலுக்கும் துணிக்கும் நடுவே மணல் உருள்வது போல நறநறத்தால், அல்லது ஈரமாக இருக்கும்போதே பற்பசை போலக் கெட்டியாக வந்தால், பையில் மண்டி சேர்ந்திருக்கிறது. நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்களுடையது இரண்டாவது வகை. தேதி போட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை மருத்துவரிடம் காட்ட உதவும்.

அதைவிடப் பெரிய அறிகுறி அது சிறுநீர் கழிக்கும்போது நடந்துகொள்ளும் விதம். முதுகை வில்லாக வளைத்து, பின்புறத்தைச் சற்றுத் தூக்கி, ஒரு நொடி அப்படியே உறைந்து நின்று, மெல்லிய குரலில் கீச்சிட்டுவிட்டு, பிறகு சில சொட்டு. மலம் கழிக்கும்போதும் இதே கீச்சு வரும், ஏனென்றால் முக்கும்போது பை அழுந்துகிறது. சோறு வேண்டும் என்று கத்துகிற உற்சாகக் குரல் வேறு, இது வேறு, ஒருமுறை கேட்டால் மறக்காது. இது இருந்தால் அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக் கூடாது. பின்புறம் எப்போதும் ஈரமாக இருப்பது, கூனிக் குறுகி உட்காருவது, பல்லைக் கடித்துக்கொண்டிருப்பது எல்லாம் வலியின் அடையாளம். சிறுநீரே வராமல் முக்கிக்கொண்டிருந்தால் அது அவசரநிலை, அன்றே, அப்போதே போக வேண்டும். ஆண்களுக்குக் குழாய் நீளம், குறுகல் என்பதால் அடைப்பு அதிகம் அவர்களுக்குத்தான் வரும், ஆனால் பெண்ணுக்கு வராது என்று இல்லை.

சிவப்புச் சிறுநீருக்கு வருவோம். எல்லாச் சிவப்பும் ரத்தம் இல்லை. சில செடிகளைத் தின்றாலோ, இயல்பாக வருகிற நிறமிகளாலோ காற்றுப் பட்டதும் ஆரஞ்சாகவும் துரு நிறமாகவும் மாறும். சோதனைப் பட்டையை முக்கினால் ரத்தமா இல்லையா என்று நிமிடத்தில் தெரிந்துவிடும். ரத்தம்தான் என்றால், பெண் என்பதால் அது கருப்பையிலிருந்தும் வரலாம், மூன்று வயதில் கருப்பைக் கட்டிகளும் சினைப்பை நீர்க்கட்டிகளும் சாதாரணமாக வருகிற பிரச்சினைகள். எக்ஸ்ரேயில் கல் இல்லை என்று மருத்துவர் சொன்னதை நான் நம்புகிறேன். கால்சியக் கல் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். ஆனாலும் இரண்டு விஷயம் கேட்டுப் பாருங்கள். படம் பின்புறம் கடைசி வரைக்கும் எடுக்கப்பட்டதா என்று ஒன்று, ஏனெனில் வெளியேறும் குழாயின் கடைசியில் சிக்கிய சின்னக் கல் படத்தின் விளிம்புக்கு வெளியே தங்கிவிடுவதுண்டு. அல்ட்ராசவுண்ட் பார்க்கலாமா என்று இன்னொன்று, அதில் மண்டியின் அளவு, பையின் சுவர் தடித்திருக்கிறதா, கருப்பை எப்படி இருக்கிறது எல்லாம் சேர்ந்து தெரிந்துவிடும்.

கிருமித் தொற்றும் கூடவே இருக்கலாம். பெண்ணுக்குச் சிறுநீர் வழியும் மலவாயும் அருகருகே இருப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. தொற்று இருந்து மருந்து தேவைப்பட்டால் கல்ச்சர், அதாவது சிறுநீரிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கிற சோதனை, செய்து பார்த்துக் கொடுப்பது நல்லது. இந்த இடத்தில் மட்டும் சற்றுக் கடுமையாகவே சொல்கிறேன்: வீட்டில் மிச்சமிருக்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்துவிடாதீர்கள். பெனிசிலின், அமாக்ஸிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டமைசின், எரித்ரோமைசின் இவற்றை வாய் வழியாகக் கொடுத்தால் குடலில் இருக்கிற நல்ல கிருமிகள் செத்து, கெட்டது பெருகி, சில நாளில் பிராணியே போய்விடலாம். கினிப் பன்றிக்கு ஒத்துப்போகிற மருந்துகள் வேறு, அவற்றைத் தெரிந்தவர்தான் தர வேண்டும். வலி மருந்தையும் கேளுங்கள், கேட்கத் தயங்காதீர்கள். வலி இருக்கிற பிராணி தின்பதில்லை, தின்னாத பிராணி குடிப்பதில்லை, மண்டி ஏறுகிறது.

இதுவரை சொன்னதில் பெரும்பாலானது உறுதியானது. இனிச் சொல்வது அப்படியல்ல, மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து கிடையாது. கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் விகிதம் ஒன்றரைக்கு ஒன்று, இரண்டுக்கு ஒன்று என்று அட்டவணை போட்டுத் தினமும் கணக்குப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அந்த விகிதம் கீரைத் தட்டில் சரியாக இருந்ததால் கல் வராமல் தடுக்கப்பட்டது என்பதற்கு வலுவான சான்று இல்லை, உலர் புல்லும் பெல்லட்டும் கணக்கில் வராத அட்டவணையால் பெரிதாகப் பயனும் இல்லை. வடிகட்டிய தண்ணீரா, குழாய்த் தண்ணீரா என்று கேட்டிருக்கிறீர்கள். மிகக் கடினமான நீரில் லிட்டருக்கு 100 மில்லிகிராம் கால்சியம் என்றால்கூட, 100 மில்லி குடிக்கிற பிராணிக்கு அதிலிருந்து வருவது 10 மில்லிகிராம்தான். வடிகட்டியதை அது விரும்பிக் குடித்தால் கொடுங்கள், அதற்குக் காரணம் கால்சியம் இல்லை, கூடுதலாகக் குடிப்பதுதான். வைட்டமின் சி அதிகமானால் ஆக்சலேட் ஆகிக் கல்லாகும் என்பது கொள்கையளவில் சரி, நூற்றுக்கணக்கான மில்லிகிராம் கொடுப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை என்பதால் அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம். பொட்டாசியம் சிட்ரேட்டும், சிறுநீரில் கால்சியத்தைக் குறைக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடும் சில மருத்துவர்கள் கல் திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கிறார்கள். அவர்களின் அனுபவத்தில் சிலதுக்கு உதவியிருக்கிறது, ஆனால் கினிப் பன்றியில் அதை உறுதியாக நிறுவிய ஆராய்ச்சி மெலிது, வீட்டில் அளவு பார்த்துக் கொடுக்கிற பொருளும் இல்லை. கிரான்பெர்ரிச் சாறு வேண்டவே வேண்டாம், சர்க்கரை குடலைக் கெடுப்பது தான் மிச்சம். இயல்பாகவே காரமான சிறுநீரை அமிலமாக்கிக் கல்லைக் கரைக்கலாம் என்பதும் இந்தப் பிராணியிடம் நடக்காது. கால்சியம் கார்பனேட் கல்லைக் கரைக்கிற மருந்தோ தீனியோ இதற்குக் கிடையாது.

இன்னொரு பக்கமும் ஆபத்து உண்டு. கால்சியத்தை அடியோடு ஒழிக்கிறேன் என்று கிளம்பினால் எலும்பும் பல்லும் வீணாகும். கால்சியமே இல்லாத கீரை என்று ஒன்று கிடையாது, இருந்தாலும் வேண்டாம். திமோத்தி, ஆர்ச்சர்டு, ஓட்ஸ் புல், மெடோ புல் இவற்றில் எது கிடைத்தாலும் அதில் இருக்கிற கால்சியம் வளர்ந்த பிராணிக்குப் போதும், அதற்குக் கீழே இறக்கப் பார்க்காதீர்கள்.

‘என்னால்தானா’ என்று கேட்டால், முழுக்க இல்லை. ஒரே கூண்டில் ஒரே தீனி தின்கிற இரண்டில் ஒன்றுக்குக் கல் வந்து மற்றதுக்கு வராமல் இருப்பதை வருடம்தோறும் பார்க்கிறேன். பரம்பரை, தொற்று, வயது, உடம்பு கால்சியத்தைக் கையாளுகிற விதம் என்று பல சேர்ந்துதான் வருகிறது. தீனி அதில் நம் கையில் இருக்கிற பகுதி. எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் சிலதுக்குக் கல் வரும், அறுவைக்குப் பிறகும் திரும்ப வரும், அதை முதலிலேயே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

இப்போதைக்கு இருப்பது மண்டி மட்டும் என்றால் மருத்துவர் மயக்கம் கொடுத்துப் பையைக் கழுவி எடுக்க முடியும். தோலுக்கு அடியில் நீர் ஏற்றுவதும் உதவும். பெண் என்பதால் மிகச் சிறிய கல்லாக இருந்தால் தானாகவே வெளியே வந்துவிடவும் கூடும், அல்லது மயக்கத்தில் வெளியே எடுத்துவிடலாம். பெரிதானால் பையைத் திறந்து எடுக்கிற அறுவைதான் வழி. அதற்கு முன் நீண்ட நேரம் பட்டினி போடச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள், கினிப் பன்றி வாந்தி எடுக்காது, வெறும் வயிற்றில் வைத்திருப்பது குடலுக்குத்தான் கெடுதல். எடுத்த கல்லைத் தூக்கிப் போடாமல் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். சிறுநீரகத்திலிருந்து பைக்கு வருகிற குழாயில் கல் மாட்டுவது தான் மிக மோசமானது, அறுவையும் கடினம், அங்கே நல்லபடியாக முடியும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை.

தீனியை மாற்றியதும் துணியில் வெள்ளை உடனே நிற்காது, பையில் ஏற்கெனவே இருப்பது கலங்கி வெளியே வரும்போது சில நாள் கூடுதலாகவே தெரியலாம். கீச்சு, ரத்தம், எடை இறக்கம் இல்லாமல் வெள்ளை மட்டும் கூடினால் பொறுத்திருங்கள். ஒன்றிரண்டு மாதம் கழித்து மறுபடி ஒரு படம் எடுத்துப் பழையதோடு வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், அதற்கு அப்புறம் நன்றாக இருந்தால் வருடத்துக்கு இருமுறை போதும்.

கடைசியாக, கூடவே இருக்கிற ஒன்றரை வயதுப் பிராணிக்குத் தனிச் சாப்பாடு போட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். இரண்டுக்கும் இதே புல், இதே இலை, இதே ஒன்றிரண்டு கரண்டி பெல்லட். அதற்கும் இது நல்ல தீனிதான். பிரித்து வைத்தால் இரண்டும் சாப்பிடாமல் அடம்பிடிக்கும், அதுவேறு தலைவலி. யார் எவ்வளவு தின்கிறது, யாருடைய சிறுநீர் எது என்று தெரிய வேண்டுமானால் நாளுக்கு ஒரு மணி நேரம் நடுவில் கம்பித் தடுப்பு மட்டும் போட்டு, இந்தப் பக்கம் வெள்ளைத் துணி விரித்துப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள்.